ஆறாம் மாதச் சோதனைக்கு ஓர் அஞ்சலி

ஜப்பானில் கைக்குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்தில் செய்துவந்த சிறுநீர்ச் சோதனை ஒன்று 2004இல் நின்றுபோனது. நம் ஊர்ச் சுவரொட்டி வழக்கப்படி எழுதினால், தோற்றம் 1973, கியோட்டோ. மறைவு 2004, நாடு முழுவதும். குழந்தை அறுவை மருத்துவர்களில் சிலர் அதற்காக வருந்தினார்கள், சிலர் அப்பாடா என்றார்கள், சிலர் இன்றும் அது அகாலச் சாவு என்கிறார்கள்.

பார்வைக்கு அது மிகச் சாதுவான சோதனை. ஊசி இல்லை, ரத்தம் இல்லை, குழந்தை அழக்கூட வேண்டியதில்லை. ஒரு துண்டு வடிதாளை டயப்பருக்குள் வைத்து நனைந்ததும் எடுத்துக் காயவைத்து, உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அஞ்சலில் அனுப்பினால் தாயின் வேலை முடிந்தது. யாருக்கும் எந்தத் துன்பமும் தராத, குழந்தையின் உயிரைக் காப்பதற்கென்றே பிறந்த அந்தச் சோதனையை ஏன் நிறுத்தினார்கள்? அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத முடியாது.

அது தேடிய நோயின் பெயர் நியூரோபிளாஸ்டோமா. கருவில் நரம்பு மண்டலம் உருவாகும்போது, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் நம் கட்டளைக்குக் காத்திராமல் நடத்தும் பரிவு நரம்புகளாக மாறவேண்டிய இளஞ்செல்கள் சில, முதிராமல் பெருகிக் கட்டியாகிவிடுகின்றன. பாதிக்கு அருகில் சிறுநீரகத்தின் மேல்முனையில் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் தோன்றும். மற்றவை முதுகெலும்பை ஒட்டி வயிற்றிலோ மார்பிலோ கழுத்திலோ வரும். மூளைக்கு வெளியே குழந்தைகளுக்கு வரும் திடக்கட்டிகளில் மிகுதியானது இதுதான்.

1970களில் இந்த நோய் வந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை நினைத்தால்தான் சோதனையின் பிறப்பு புரியும். இரண்டு, மூன்று வயதுக் குழந்தை நொண்ட ஆரம்பிக்கும். காலில் அடிபட்டிருக்கும் என்று எண்ணுவார்கள். காய்ச்சல் விட்டுவிட்டு வரும். கண்ணைச் சுற்றி அடிபட்டதுபோல் கன்றிப்போகும். மருத்துவரிடம் வரும்போது கட்டி எலும்புக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் பரவியிருக்கும். அன்றிருந்த மருந்துகளால் அந்தக் குழந்தைகளில் தேறியவர்கள் மிகச் சிலர்.

அதே சமயம், ஒரு வயதுக்குள் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். அமெரிக்கப் புள்ளியியலாளர் நார்மன் பிரெஸ்லோவும் அவருடைய சக ஆய்வாளரும் 1971இல் வெளியிட்ட கணக்கு, நோயின் பரவலோடு குழந்தையின் வயதும் பிழைப்பைத் தீர்மானிக்கிறது என்று தெளிவாகக் காட்டியது. அப்படியானால் எல்லாக் குழந்தைகளையும் ஒரு வயதுக்குள்ளேயே பிடித்துவிட்டால்? கேட்ட எவருக்கும் நியாயமாகத் தோன்றும் கேள்வி இது.

பிடிப்பதற்கு ஒரு வழியும் இருந்தது. இந்தக் கட்டிகளில் பத்தில் ஒன்பது, அட்ரீனலின் குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவை உடலில் சிதைந்து வி.எம்.ஏ., எச்.வி.ஏ. என்ற கழிவுகளாகச் சிறுநீரில் வெளியேறும். பிறவி வளர்சிதைக் கோளாறுகளை ஒரு சொட்டுக் காய்ந்த ரத்தத்தில் கண்டுபிடிக்கலாம் என்பதை ராபர்ட் கத்ரி 1960களில் காட்டியிருந்தார். வடிதாளும் அஞ்சலும் ஏற்கெனவே நம்பிக்கை பெற்ற கருவிகள். கியோட்டோ மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தடாஷி சவாடாவும் சகாக்களும் இவற்றை ஒன்றுசேர்த்தார்கள். 1973இல் கியோட்டோவில் சோதனை பிறந்தது.

வளர்ப்பிலும் குறை இல்லை. நகரம் நகரமாகப் பரவி, 1984இல் சவாடா குழுவின் இடைக்கால அறிக்கை லான்செட் இதழில் வந்தது. அதே ஆண்டு நாடு தழுவிய அரசுத் திட்டமாகவும் ஆனது. தொடக்கத்தில் ஒரு சொட்டுச் சிறுநீரில் நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் முறை. 1989க்குப் பிறகு அளவைத் துல்லியமாகச் சொல்லும் உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை. சல்லடையின் கண் சிறிதாக ஆக, அகப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை ஏறியது.

அகப்பட்டவர்கள் பிழைத்தார்கள் என்பதுதான் அதன் புகழுக்குக் காரணம். சோதனையில் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். மூன்று வயதில் கண்டறியப்பட்டவர்களோடு ஒப்பிட்டால் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். மாநாட்டுத் திரைகளில் இரண்டு வரைகோடுகள்: ஒன்று மேலே தட்டையாகப் போகும், மற்றொன்று சரிந்து விழும். அதைப் பார்த்த பிறகு இந்தச் சோதனையைச் சந்தேகிப்பது குழந்தைகளுக்கு எதிராகப் பேசுவதுபோல் ஒலித்தது.

ஆனால் அந்த வரைகோடுகள் பதில் சொன்ன கேள்வி வேறு, கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ‘கண்டுபிடிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள்’ என்று அவை சொல்லின. ‘சோதனை வந்த பிறகு நாட்டில் இந்த நோயால் சாகும் குழந்தைகள் குறைந்தார்களா’ என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். ஒன்றல்ல.

மூன்று வயதில் இறக்கப்போகும் ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயதில் நோய் தெரிந்தால், தெரிந்தபின் ஓராண்டு வாழ்ந்தது என்று பதிவாகும். ஆறாம் மாதத்திலேயே தெரிந்து, மருத்துவத்தால் எதுவும் மாறாமல் அதே மூன்று வயதில் இறந்தால், இரண்டரை ஆண்டு வாழ்ந்தது என்று பதிவாகும். வாழ்நாள் ஒரு நாளும் கூடவில்லை. நோயோடு வாழ்ந்த கணக்குதான் நீண்டது.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குள் வந்துபோகும் காவல்காரனுக்கு அகப்படுபவன், திண்ணையில் பல நாளாகப் படுத்துறங்கும் வழிப்போக்கன்தான். ஒரே இரவில் கன்னமிட்டுப் போகிற திருடன் அல்ல. மெதுவாக வளரும் கட்டி மாதக்கணக்கில் உடலில் இருப்பதால், எந்த நாளில் சோதித்தாலும் அகப்படும். மூர்க்கமான கட்டி ஆறாம் மாதத்தில் பெரும்பாலும் இருக்காது. அதன்பிறகு தோன்றிச் சில வாரங்களில் பரவிவிடும். ஆகவே சோதனை பிடிப்பவற்றில் சாதுவானவையே மிகுந்திருக்கும். அவை பிழைப்பது சோதனையின் சாதனையா, கட்டியின் சுபாவமா என்று வரைகோடு பிரித்துச் சொல்லாது.

சாதுவான கட்டி என்றால் எவ்வளவு சாது? இங்கேதான் இந்த இரங்கல் கொஞ்சம் கசக்கிறது. பதில் சோதனை பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது.

1927இல் ஹார்வி குஷிங்கும் வோல்பாக்கும், நியூரோபிளாஸ்டோமா காலப்போக்கில் முதிர்ந்து தீங்கற்ற நரம்புக் கட்டியாக மாறிய ஒரு நோயாளியைப் பதிவு செய்தார்கள். 1963இல் நோய்க்கூற்றியலாளர் புரூஸ் பெக்வித், யூஜின் பெரினுடன் சேர்ந்து, வேறு காரணங்களால் இறந்த மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் அட்ரீனல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நியூரோபிளாஸ்டோமாவைப் போலவே தோன்றும் சிறு செல்கூட்டங்கள் அவற்றில் இருந்தன. அப்படி இருந்த குழந்தைகளின் விகிதம், நோயாக வெளிப்படும் விகிதத்தைவிட ஏறக்குறைய நாற்பது மடங்கு. பெரும்பாலானவை சத்தமில்லாமல் மறைந்துவிடுகின்றன என்பதைத் தவிர வேறு விளக்கம் அரிது.

1971இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையோடு தொடர்புடைய மூவர் லான்செட்டில் ஒரு கட்டுரை எழுதினார்கள்: கதிர்வீச்சு மருத்துவர் ஜூலியோ டாஞ்சியோ, குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஆட்ரி எவன்ஸ், குழந்தை அறுவை மருத்துவர் எவரெட் கூப். பின்னாளில் அமெரிக்காவின் தலைமைப் பொதுச்சுகாதார மருத்துவராகிப் புகைப்பழக்கத்துக்கும் எய்ட்ஸ் பற்றிய மௌனத்துக்கும் எதிராக நின்ற அதே கூப்தான். கைக்குழந்தைகளில் ஒரு வகையினருக்குக் கட்டி கல்லீரலுக்கும் தோலுக்கும் மஜ்ஜைக்கும் பரவியிருக்கும். ஆனாலும் எலும்பைத் தொட்டிருக்காது. பெரிய சிகிச்சை இல்லாமலே பலருக்குக் கரைந்துவிடும் என்று அந்தக் கட்டுரை சொன்னது. ‘4எஸ்’ என்று அந்த நிலைக்குப் பெயர் வைத்தார்கள். பரவிய புற்றுநோய் தானாக மறைவதை வியப்பாக அல்ல, ஒரு வகையாகவே பட்டியலிட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968இல் வகுத்த பொதுப் பரிசோதனை விதிகளில் ஒன்று, நோயின் இயல்பான போக்கு போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது. விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாத நோயை ஊர் முழுக்கத் தேடக்கூடாது என்று பொருள். கியோட்டோ தொடங்கியபோது அந்த விதிக்கு வயது ஐந்து. 4எஸ் கட்டுரைக்கு இரண்டு. நல்லெண்ணத்தின் அவசரத்தில் இவை கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் பாரமாகத் தோன்றவில்லை.

குறைசொல்வது எளிது. நொண்டிக்கொண்டு வந்த மூன்று வயதுக் குழந்தையைப் பிழைக்க வைக்க முடியாமல் பெற்றோரிடம் சொல்லி அனுப்பிய மருத்துவருக்கு, ‘இயல்பான போக்கு முழுதும் தெரியட்டும்’ என்று காத்திருக்கும் பொறுமை எங்கிருந்து வரும்? அவர் கண்முன்னால் இருந்தது விதி அல்ல, குழந்தை. சோதனையைப் பெற்றவர்கள் நல்லவர்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதனால்தான் அதைக் கண்டனமாக அல்ல, அஞ்சலியாக எழுதுகிறேன்.

சந்தேகம் ஜப்பானுக்கு வெளியே வலுத்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1989 மே முதல் 1994 ஏப்ரல் வரை பிறந்த 4,76,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மூன்றாம் வாரத்திலும் ஆறாம் மாதத்திலும் சிறுநீர்ச் சோதனையை வில்லியம் வுட்ஸ் தலைமையிலான குழு வழங்கியது. பக்கத்து ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் அதே காலத்தில் பிறந்த, சோதனை இல்லாத குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது திட்டம். எத்தனை கட்டி கிடைத்தது என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். எத்தனை குழந்தைகள் இறந்தார்கள் என்று எண்ணினார்கள்.

ஜெர்மனியில் ஃப்ரைமுட் ஷில்லிங்கும் சகாக்களும் வேறு விதமாக யோசித்தார்கள். ஆறாம் மாதம் மிகவும் முன்கூட்டியது, தானாக மறையும் கட்டிகளை வாரிக்கொண்டு வருகிறது. ஒரு வயதில் சோதித்தால் அவை மறைந்து முடிந்திருக்கும், மூர்க்கமானவை அகப்படும் என்று எதிர்பார்த்தார்கள். 1995 முதல் 2000 வரை பதினாறில் ஆறு மாநிலங்களில் 14,75,773 குழந்தைகளைச் சோதித்தார்கள்.

இரண்டு ஆய்வுகளும் 2002 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் அடுத்தடுத்து வந்தன. கியூபெக்கில் கைக்குழந்தைக் கட்டிகள் பெருகியிருந்தன, சாவு குறையவில்லை. ஜெர்மனியில் சோதனை 149 கட்டிகளைக் கண்டுபிடித்தது. சோதனையில் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லப்பட்ட 55 குழந்தைகளுக்குப் பின்னர் நோய் வந்தது, அவர்களில் 14 பேர் இறந்தார்கள். பரவிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் சோதனை நடந்த மாநிலங்களில் லட்சத்துக்கு 3.7, நடக்காதவற்றில் 3.8. இறந்தவர்கள் 1.3, 1.2. தேவையின்றிக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் லட்சத்துக்கு ஏழு என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். கணக்குப் போட்டால், அகப்பட்ட 149இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. வழிப்போக்கர்கள் சிறைப்பட்டார்கள், திருடர்கள் வழக்கம்போல் வந்துபோனார்கள்.

இதற்குள் ஆய்வகங்கள் காரணத்தையும் கண்டுபிடித்திருந்தன. சோதனை தேசியத் திட்டமான அதே 1984இல், காரெட் பிராடியரும் சகாக்களும் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள்: முற்றிய நிலை நியூரோபிளாஸ்டோமாக்களில் பலவற்றில் என்-மிக் என்ற மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. கைக்குழந்தைகளில் சோதனை பிடித்த கட்டிகளை ஆராய்ந்தபோது அந்தப் பெருக்கம் மிக அரிதாகவே இருந்தது. அவற்றின் குரோமோசோம்கள் இரட்டைத் தொகுப்பாக இல்லாமல் ஏறக்குறைய மும்மடங்காக இருந்தன. அது நல்ல அறிகுறி. ஆறு மாதக் கட்டியை வளரவிட்டால் மூன்று வயதுக் கட்டியாகும் என்பதுதான் சோதனையின் அஸ்திவாரம். அது உண்மையில்லை. பெரும்பாலும் அவை ஒரே பெயரைச் சுமந்த இரண்டு நோய்கள். குழந்தையின் வயது, நோய் எவ்வளவு முற்றியது என்பதைக் காட்டவில்லை. எந்த நோய் என்பதைக் காட்டியது.

ஜப்பான் சுகாதார அமைச்சகத்தின் நிபுணர் குழு 2003இல் கூடிப் பேசியது. 2004இல் சோதனை நிறுத்தப்பட்டது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சுப் பேசவில்லை. ஹிரோஷிமாவின் எய்சோ ஹியாமா குழு, 1980 முதல் 1998 வரை பிறந்த இரண்டு கோடிக்கும் மேற்பட்ட ஜப்பானியக் குழந்தைகளின் கணக்கை 2008இல் லான்செட்டில் வெளியிட்டது. சோதனைக்கு முந்தைய தலைமுறையில் இந்த நோயால் இறந்தவர்கள் லட்சத்துக்கு ஐந்துக்குச் சற்று மேல். துல்லியச் சோதனை வந்த தலைமுறையில் மூன்றுக்கும் கீழே. அவசரப்பட்டுக் கொன்றுவிட்டோமோ என்ற கேள்வி அதிலிருந்து எழுந்தது. ஆனால் அதே கணக்கில் நோய் கண்டறியப்பட்டவர்கள் லட்சத்துக்குச் சுமார் பன்னிரண்டிலிருந்து சுமார் முப்பதாக ஏறியிருந்தார்கள். அந்த இருபது ஆண்டுகளில் கீமோதெரபியும் ஸ்டெம் செல் சிகிச்சையும் தாமாகவே வெகுதூரம் முன்னேறியிருந்தன. குறைந்த சாவில் எவ்வளவு சோதனைக்கு, எவ்வளவு மருந்துக்கு என்று பழைய ஏடுகளிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். கியூபெக்கும் ஜெர்மனியும் ஒரே காலத்துக் குழந்தைகளை அருகருகே வைத்துப் பார்த்தன என்பதால் எனக்கு அவற்றின் பக்கமே சாய்வு. ஜப்பானும் சோதனையை மீட்டெடுக்கவில்லை.

லட்சத்துக்குப் பன்னிரண்டு முப்பதானது என்றால், அந்தப் பதினெட்டுப் பேர் யார்? சோதனை இல்லாதிருந்தால் கட்டி இருந்ததே தெரியாமல் பள்ளிக்குப் போயிருக்கக்கூடிய குழந்தைகள். வடிதாள் அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துவந்தது. வயிற்றைக் குறுக்காகத் திறந்தார்கள். நியூரோபிளாஸ்டோமா ஓட்டுக்குள் அடங்கிய கட்டி அல்ல. பெருந்தமனியையும் சிறுநீரக நாளங்களையும் சுற்றிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுக்கும்போது ரத்தம் கொட்டலாம். சிறுநீரகத்துக்குப் போகும் நாளம் காயப்பட்டு ஒரு சிறுநீரகமே சுருங்கிப்போகலாம். கழுத்திலோ மார்பின் உச்சியிலோ இருந்தால் ஒரு கண்ணின் இமை நிரந்தரமாகத் தாழ்ந்துவிடலாம். பலருக்கு அதன்பின் கீமோதெரபி. சிகிச்சையின் விளைவாகவே இறந்த குழந்தைகளும் ஜப்பானியப் பதிவுகளில் உண்டு.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவரையும் விரல்நீட்டிக் காட்ட முடியாது. எந்தக் குழந்தையின் கட்டி தானாக மறைந்திருக்கும் என்று அறுத்தெடுத்த பிறகு யாராலும் சொல்ல இயலாது. அந்தத் தாயும் தந்தையும் ‘நல்ல வேளை, சோதனையில் தெரிந்தது; பிள்ளை பிழைத்தான்’ என்றே நம்புவார்கள். மருத்துவரும் நம்புவார். தழும்போடு வளரும் பிள்ளையும் நம்புவான். தேவையில்லாத சிகிச்சைக்கு ஆளானவர்களே அதற்கு நன்றி சொல்லும் ஏற்பாடு இது. எத்தனை பேரை அதிகமாகப் பிடிக்கிறதோ அத்தனை பேர் அதன் புகழ் பாடுவார்கள். இப்படிப்பட்ட ஒன்றை மக்கள் கோரிக்கை ஒருபோதும் நிறுத்தாது. யாரோ உட்கார்ந்து இறந்தவர்களை எண்ணினால்தான் நிற்கும்.

எண்ணினார்கள். அதற்காகத்தான் இந்த மரணத்தை மதிக்கிறேன். புது மருந்து, புது அறுவை என்று எதையாவது தொடங்கியவர்களுக்கு மருத்துவ வரலாற்றில் சிலை உண்டு. வழக்கத்தில் ஊறிப்போன, அரசு பணம் தரும், பெற்றோர் நன்றி சொல்லும் ஒரு நல்ல காரியத்தை ‘பயனில்லை’ என்று சொல்லி நிறுத்தியவர்களுக்குச் சிலை இல்லை.

போனது வெறுங்கையோடு போகவில்லை. பெரிய சொத்து ஒன்றை விட்டுச் சென்றது: காத்திருக்கும் தைரியம். சோதனையில் பிடிபட்ட சிறு கட்டிகளை அறுக்காமல் கவனித்துப் பார்க்க ஜப்பானிய மருத்துவர்கள் சிலர் 1990களிலேயே துணிந்தார்கள். மாதாமாதம் சிறுநீரும் ஸ்கேனும் பார்த்தபோது கட்டிகள் சுருங்கின. ஜெர்மனியிலும் அதையே கண்டார்கள். பிறகு அமெரிக்காவின் குழந்தைப் புற்றுநோய்க் குழுமம் முறையாக ஓர் ஆய்வு நடத்தியது. ஹூஸ்டனின் குழந்தை அறுவை மருத்துவர் ஜெட் நக்டர்ன் தலைமையில் 2012இல் அது வெளிவந்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட, அட்ரீனலில் சிறு கட்டி உள்ள 83 குழந்தைகளைக் கத்தி வைக்காமல் கண்காணித்தார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு அறுவையே தேவைப்படவில்லை. மூன்றாண்டு முடிவில் எல்லாக் குழந்தைகளும் உயிரோடு இருந்தார்கள்.

இந்தச் சொத்தில் நமக்கும் பங்கு உண்டு. நம் ஊரில் இந்தச் சிறுநீர்ச் சோதனை பொதுத் திட்டமாக வந்ததில்லை. ஆனால் கர்ப்பகால ஸ்கேன் இல்லாத பிரசவம் இன்று அரிது. கருவின் சிறுநீரகத்துக்கு மேல் ஒரு சிறு நிழல் ஸ்கேனில் தெரிகிறது. ரத்தக்கட்டாக இருக்கலாம், நியூரோபிளாஸ்டோமாவாகவும் இருக்கலாம். ‘கேன்சராமே, உடனே எடுத்துவிடுங்கள்’ என்று குடும்பம் பதறும். ‘பிறக்கட்டும், பார்த்துக்கொண்டே இருப்போம், சுருங்கினால் விட்டுவிடுவோம், வளர்ந்தால் எடுப்போம்’ என்று குழந்தை அறுவை மருத்துவர் இன்று நிதானமாகச் சொல்ல முடிகிறது. கியோட்டோவின் வடிதாளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கொடுத்த விலையில் வாங்கிய நிதானம் அது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. செத்துப்போனது, எந்தத் தொல்லையும் இல்லாத குழந்தைகளை வரிசையில் நிறுத்தித் தேடும் முறைதான். தொல்லை இருக்கும் குழந்தையைச் சீக்கிரம் காட்டுவது சாகவில்லை. அது சாகவும் கூடாது. குளிப்பாட்டும்போது வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால், காரணமில்லாமல் நொண்டினால், கண்ணைச் சுற்றிக் கன்றினால், கண்மணியில் வெள்ளை தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். நம் நாட்டில் குழந்தைப் புற்றுநோயில் தாமதம் இன்னமும் உயிர் குடிக்கிறது. அறிகுறி இல்லாத இடத்தில் தேடுவதும் அறிகுறி வந்த இடத்தில் ஓடுவதும் வேறு வேறு காரியங்கள்.

எல்லாப் பொதுப் பரிசோதனையும் இதுபோல் வீண் என்றும் சொல்ல வரவில்லை. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு குறைபாட்டைக் கண்டுபிடிப்பது அறிவு வளர்ச்சியைக் காப்பாற்றுகிறது. அங்கே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். உடனே கொடுக்க எளிய மாத்திரை இருக்கிறது. மாத்திரை கொடுத்தால் போக்கு மாறுகிறது என்றும் தெரியும். அதே தைராய்டு, பெரியவர்களின் புற்றுநோய் என்று வரும்போது கதை மாறுகிறது. தென்கொரியாவில் கழுத்து ஸ்கேன் பரவிய 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு பதினைந்து மடங்கு ஏறியது. சாவோ இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தக் கணக்கில் பெரும்பாலானவை அறுவை அறைக்குப் போன கழுத்துகள். ஜப்பானின் பாடம் பக்கத்து நாட்டுக்குப் போய்ச் சேரவே அவ்வளவு நாளாயிற்று என்றால், பண்டிகைத் தள்ளுபடியில் ‘முழு உடல் பரிசோதனை’ விற்கும் நம் ஊருக்கு எப்போது வரும்?

வரவேண்டியது ஒரே ஒரு கேள்விதான். ‘சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம்’ என்று யார் சொன்னாலும், ‘இந்தச் சோதனையில் தெரிந்தவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள்’ என்று கேட்காதீர்கள். அதற்கு எப்போதும் இனிப்பான பதில்தான் வரும். ‘இந்தச் சோதனை செய்த ஊரில், செய்யாத ஊரைவிடச் சாவு குறைந்ததா’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் கையை நீட்டுங்கள். ஆறாம் மாதச் சோதனையிடம் இந்தக் கேள்வியை யாரும் உரிய நேரத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது இன்னும் இளமையிலேயே செத்திருக்கும். சில குழந்தைகளின் வயிற்றில் தழும்பு இருந்திருக்காது.